பூட்டிய வீட்டுக்குப் போன தட்டு

பக்கத்து வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம்தான் தந்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர் கரம்பொன்னில் எல்லோருக்கும் இது தெரியும்.

ஊரடங்கில் பள்ளிக்கூடம் இல்லாமல் நிற்கும் என் பேரப்பிள்ளைகள் இருவரும் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் ஆட்களைத் தனிமைப்படுத்தி வைத்திருக்கிறதாம். மத்தியானத்தில் ஒரு தட்டில் சோறு வைத்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிவருவார்கள். காகம் தின்னும். நானும் பேசாமல் விட்டேன்.

இன்று தட்டு கழுவியிருந்தது. அதில் ஒரு பிடி முருங்கையிலை இருந்தது.

அயலில் இருந்து வந்த பாத்திரத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. காகத்துக்கு அது தெரியாது.

"அப்பா, நீங்கள்தானே வைச்சனீங்கள்?" என்றான் மகன். இந்த வீட்டில் எது நடந்தாலும் பழி எனக்குத்தான்.

"நான் கதிரையை விட்டு எழும்பேல்லை."

"அப்ப திறந்து பாப்பம்."

"ஏலாது. உள்ளுக்கு ஆராவது கொரோனா வருத்தக்காரர் ஒளிச்சிருந்தா, பிள்ளையளையும் சேர்த்துக் கொண்டுபோய் அடைச்சுப்போடுவாங்கள்."

"ஒருத்தரும் இல்லாட்டி?"

நான் திறப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மருமகள் அந்த இலையைச் சமைக்கக் குசினிக்குள் எடுக்கவில்லை.

சின்னப் பேத்திக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை. "அப்பப்பா, நாளைக்கு அவையளுக்கு மீன் வைக்கட்டோ?" என்று கேட்கிறாள்.

நாளை வெள்ளிக்கிழமை. அவர்கள் மீன் மச்சம் சாப்பிடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.