மூணு தரம் ஊதிய சங்கு

நூல் மில்லில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதுவது அவர் வேலை. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'அவசரம்'. கடிகார முள்ளுக்கு முன்னால் அவர் கை சங்குக் கயிற்றுக்குப் போய்விடும். தொழிலாளிகளுக்குக் கொண்டாட்டம், மேனேஜருக்குத் தலைவலி.

அந்தப் பெரும்புயல் காலையிலேயே கரை ஏறியது. ஏற்பாடு இதுதான்: நீளமாக ஒரு தரம் ஊதினால் ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்குள் ஓட வேண்டும், விட்டு விட்டு மூணு தரம் ஊதினால் வெளியே வரலாம். அவர் மனைவியும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். மனுஷர் பாய்லர் ரூமில் மேஜைக்கு அடியில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். கூரைத் தகடு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போனது.

மத்தியானம் காற்று சட்டென்று நின்றது. வெயில்கூட அடித்தது. அப்பாடா! எழுந்து ஓடினார், மூணு தரம் இழுத்துவிட்டார்.

"அட பாவி! யாரைக் கேட்டு ஊதினே?" என்று கத்தினார் பாய்லர்காரர். முன்னே கப்பலில் இருந்த ஆள். "புயல் போகலைடா! நாம அதோட நடுவுல நிக்கிறோம். மறுபாதி இனிமேதான் வரும்!"

ஜன்னலில் பார்த்தால் தெரு கொள்ளாத ஜனம், வீடு என்ன ஆச்சோ என்று ஓடுகிறது. ஐயோ, இதில் அவர் மகளும் இருப்பாளே! திரும்ப ஊதப் போனால் பாய்லரில் ஆவி தீர்ந்துபோயிருந்தது, சங்கு புஸ்ஸென்றது. பஞ்சுக் கழிவையெல்லாம் அள்ளி அடுப்பில் தள்ளினார்கள். பாய்லர் முள்ளோ ஏறவே மாட்டேன் என்றது. ஒருவழியாகச் சங்கு அலறியபோது எதிர்த்திசையிலிருந்து காற்று வந்தேவிட்டது. கயிற்றை விடாமல் பிடித்தபடி குழந்தை மாதிரி அழுதார்.

சாயங்காலம் இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார். மனைவியும் மகளும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு உயிர் வந்தது.

"நீங்க வெளியே போகலையா?"

"உங்களை எனக்குத் தெரியாதா? என்னைக்கு நீங்க நேரத்துக்கு ஊதினீங்க? கொஞ்சம் பொறுத்துப் போகலாம்னு இவளைப் பிடிச்சு உட்கார வெச்சேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அருகே ஆளில்லாமல் விரித்தபடி கிடந்த பக்கத்து வீட்டுப் போர்வை அப்புறம்தான் கண்ணில் பட்டது.

"பக்கத்து வீட்டுக்காரங்க எங்கே?"

மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க ஊதினதை நம்பிப் போனாங்க," என்றாள். "இன்னும் வரலை."