உப்பில்லாத மோர்

போன சித்திரையில் நரிக்குடிப் பக்கம் கரிமூட்டத்தில் வேலை பார்த்தேன். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மண் பூசி, தீ வைத்துவிட்டுக் காவல் இருக்க வேண்டும். பகலெல்லாம் புகைக்குள் இருந்தால் பாதித் தூக்கத்தில் நடப்பது போலத்தான் இருக்கும். வியர்வைக்கு ஈடாகக் கஞ்சியில் கை நிறைய உப்பு அள்ளிப் போட்டுக் குடிப்போம்.

அப்போதுதான் வயிறு பெருக ஆரம்பித்தது. அரைஞாண் கயிறு இறுக இறுக, முடிச்சைத் தளர்த்திக் கட்டினேன். "ஏலே, புகையைக் குடிச்சே தொப்பை போட்டுட்டியே" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். எனக்கும் சிரிப்புதான். மூச்சு வாங்கியதற்குப் புகைதான் காரணம் என்று நினைத்தேன்.

மூட்டம் பிரித்ததும் தூத்துக்குடிக்குப் போகும் கரி லாரியில் தொற்றிக்கொண்டேன். அங்கிருந்து எங்காவது போகலாம் என்று எண்ணம். வழியில் பந்தல்குடி ரோட்டோரக் கடையில் மோர் கேட்டேன், உப்பு கூடப் போடச் சொல்லி.

கடைக்கார அக்கா உப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"தம்பி, கையி குச்சியா இருக்கு. வயிறு மட்டும் ஏன் முன்னால நிக்குது? கணுக்காலுக்கு மேல அமுக்கிப் பாருங்க."

அமுக்கினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் நிரம்பவில்லை.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இப்படித்தான். தொப்பைன்னு நாங்களும் சிரிச்சோம்." கடைக்குள் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"தூத்துக்குடி எங்கயும் ஓடிப்போயிராது தம்பி. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு இப்ப வந்துரும்."

லாரியைப் பார்த்தேன். காலைப் பார்த்தேன். குழி அப்படியே இருந்தது. பையை இறக்கிக்கொண்டேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றைத் தட்டினார். நடுவில் மத்தளம் போல ஒலித்தது, விலாப் பக்கம் மந்தமாக. ஒருக்களித்துப் படுத்ததும் சத்தம் இடம் மாறியது. லாரியில் வரும்போது பார்த்த திருச்சுழிக் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடக்க, எனக்குள் ஒரு கண்மாய் மெல்ல நகர்வதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். ஊசி வழியாக எடுத்த தண்ணீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. இதயம், கிட்னி, டிபி, குடி என்று பல காரணத்தால் வயிற்றில் நீர் கோக்குமாம். எனக்குப் பழைய மஞ்சள்காமாலைக் கிருமி கல்லீரலைக் கெடுத்து வைத்திருந்தது. தெம்புக்கு என்று நான் அள்ளிப்போட்ட உப்பு, அந்த நீரை இன்னும் கூட்டியிருந்தது.

இன்னும் மாத்திரை ஓடுகிறது. அரைஞாண் கயிறு தொளதொளவென்று தொங்குகிறது. ஊர் சுற்றுவதும் நின்றபாடில்லை. பந்தல்குடி வழியாகப் போனால் உப்பில்லாத மோர் சொல்லாமலே வந்துவிடும். கேட்டதைக் கொடுத்த கடைகள் எத்தனையோ. என்னைப் பார்த்துவிட்டுக் கொடுக்க மறுத்த அந்த ஒரு கடையால்தான் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.