சாந்தோம் குடிலும் என் அவசரக் கையும்

டிசம்பர் 24, மதியம் 2.10. அசோக் நகரிலிருந்து சாந்தோமுக்குப் போவதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று என் கணவர் சிரித்தார். தூரம் பத்து கிலோமீட்டர்தான். ஆனால் இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் குடியிருந்துவிட்டு ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவளுக்குக் காசியும் ஒன்றுதான், சாந்தோமும் ஒன்றுதான் என்பது என் கட்சி. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அரையாண்டு விடுமுறை. கைப்பேசியில் விளம்பரம் வந்தது: கிறிஸ்துமஸ் நடை, லஸ் முதல் சாந்தோம் வரை, மூன்று மணி நேரம், ஆளுக்கு 600 ரூபாய், டீயும் கேக்கும் உண்டு. கேக்கைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன், மறைப்பானேன்?

வடபழனியில் பட்டினப்பாக்கம் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் தி.நகரில் பொறுமையைச் செலவழிக்க வேண்டியிருந்தது. பனகல் பூங்கா பக்கத்தில் இருபது நிமிடம் நின்றோம். மூன்றரைக்குள் லஸ் போய்விடுமா என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"பண்டிகை டைம்மா. கூட்டம் எப்டி கீது பாத்தியா? எப்டியும் பொங்கலுக்குள்ள போய்டலாம், குந்து" என்றார்.

3.40. லஸ்ஸில் காட்டுக் கோயில் என்கிற மாதா கோயில் வாசல். எட்டுப் பேர் சேர்ந்திருந்தோம். எங்களைக் கூட்டிப்போக வந்தவள் ஜெனிபர் என்ற இருபத்தாறு வயதுப் பெண். கூட்டத்தில் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று குடையின் நுனியில் சிவப்புக் குல்லா ஒன்றை மாட்டிப் பிடித்திருந்தாள். "அந்தக் காலத்துல இங்க சுத்தியும் காடு. அதான் காட்டுக் கோயில்னு பேரு. இப்ப காடும் இல்ல, வண்டி நிறுத்த எடமும் இல்ல" என்று ஆரம்பித்தாள். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அங்கிருந்து கச்சேரி ரோடு வழியாகக் கடற்கரைப் பக்கம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். மார்கழி மாதம் என்பதால் சந்துகளில் காலையில் போட்ட கோலங்கள் மிதிபட்டுக் கலைந்து கிடந்தன. ஒரு வாசலில் பூசணிப்பூ வாடியிருந்தது. அதற்கு மேலே, மாடி வீட்டுக்காரர்கள் தொங்கவிட்ட காகித ஸ்டார். என்னோடு நடந்தவர் மாட வீதியில் பிறந்து வளர்ந்த ராமநாதன் மாமா. "நேக்கு எழுபது வயசாறது. எங்காத்துலேர்ந்து கூப்பிடு தூரம். இன்னிக்குத்தான் வரேன், பாருங்கோ" என்றார். எனக்குத் துணை கிடைத்த நிம்மதி.

4.50. சாந்தோம் பேராலயம். வெள்ளைக் கோபுரம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. இரவுப் பூசைக்காக நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு நொச்சிக்குப்பம் சாலையோரம் மீன் விற்கும் இடம். "சும்மா பாத்துக்கினு நின்னா எப்டி? வஞ்சிரம் கிலோ ஆயிரத்து இருநூறு. நாளைக்கு இன்னும் ஏறும், சொல்ட்டேன்" என்று ஒரு மீன்கார அம்மா மிரட்டியதும் நாங்கள் நடையை வேகப்படுத்தினோம்.

5.40. கடைசி இடம் ஜெனிபரின் சொந்த வீடு. குறுகலான சந்தில் இரண்டு அறை. வாசலில் ஏணி மேல் நின்று அவள் அப்பா அந்தோணி சீரியல் செட் கட்டிக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அம்மா பிலோமினா டீயும் பிளம் கேக்கும் அச்சு முறுக்கும் கொண்டுவந்தார். முன்னறையில் உயரமான மேசை மேல் குடில். வைக்கோல் கூரை, மரியாள், சூசையப்பர், ஆட்டிடையர்கள், ஒரு மாடு, நான்கு ஆடுகள். எல்லாம் இருந்தும் நடுவில் தொட்டில் காலி.

இங்கேதான் என் கதை கந்தலாயிற்று. நான் வருடா வருடம் ஏழு படி கொலு வைப்பவள். பொம்மை சாய்ந்திருந்தால், இடம் காலியாக இருந்தால், என் கை சும்மா இருக்காது. மாட்டுக்குப் பின்னால் கைக்குட்டையில் சுற்றியபடி குழந்தைப் பொம்மை கிடந்தது. ஐயோ பாவம், யாரோ எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிரித்து, தூசி தட்டி, தொட்டிலில் படுக்க வைத்து, அழகாக இருக்கிறதா என்று ஒரு அடி பின்னால் வந்தும் பார்த்தேன்.

"ஐயையோ, எடும்மா!" என்று பிலோமினா பதறினார். "ராத்திரி பூச முடிஞ்சிதான் பாலன வெக்கணும். இந்த வருசம் ஸ்டெல்லா புள்ள கையால..." அதோடு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாசலில் ஏணிச் சத்தம் நின்றது.

ஜெனிபர் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். ஸ்டெல்லா அவள் அக்கா. ஆறு வருடம் முன்பு வடபழனிப் பையன் ஒருவனை முருகன் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடிபோனவள். அன்றிலிருந்து அப்பா அவள் பேரையே எடுத்ததில்லை. அம்மா அவருக்குத் தெரியாமல் போன் செய்து இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார். ராத்திரிப் பூசையில் வைத்துப் பார்த்தால் அப்பா கத்த மாட்டார் என்று கணக்கு. "இப்ப தெரிஞ்சிபோச்சு, ஆன்ட்டி" என்றாள்.

அடுத்தவர் வீட்டுப் பண்டிகையைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ராமநாதன் மாமா கேக்கை வாயிலும் போடாமல் தட்டிலும் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தோணி உள்ளே வந்தார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு தொட்டிலிலிருந்து பாலனை எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இன்னாத்துக்கும்மா அழுவுறே? கொஞ்சம் முந்திப் பொறந்துட்டாரு, அவ்ளோதான்" என்று பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றினார். பிறகு மனைவியைப் பார்க்காமலே கேட்டார். "எத்தினி மணிக்கு வராங்க?"

"பத்து மணிக்கு" என்றார் பிலோமினா. "மூணு வயசுப் புள்ள, அதுக்குள்ள தூங்கிடப் போவுது..."

"நாலு" என்றார் அந்தோணி. "அக்டோபர்ல நாலு முடிஞ்சிது."

பிலோமினா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தோணி தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்து உயரம் பார்த்தார். "மேச மேல இருந்தா புள்ளைக்கு எட்டாது. கீழ எறக்கணும்."

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. எட்டுப் பேரும் வேலையில் இறங்கிவிட்டோம். கூரையை ராமநாதன் மாமா பிடித்தார். பொம்மைகளை ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுகூட உடையவில்லை, கடவுளுக்கு நன்றி. எந்தக் கடவுளுக்கு என்று யோசிக்க நேரமில்லை.

6.50. விடைபெற்றுக்கொண்டு செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தோணி தரையில் மண்டி போட்டு, தலையைத் தாழ்த்தி, தொட்டிலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெனி, இந்த மாட்ட அப்பால நவுத்து. அவனுக்கு மறைக்கும்" என்றார்.

8.20. வடபழனி. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வீட்டை நினைத்துக்கொண்டே வந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி அவர்கள் குடிலில் கை வைத்திருக்கிறாள். ஒரு சுடுசொல் இல்லை. கிளம்பும்போது பிலோமினா என் பையில் ஒரு பொட்டலம் அச்சு முறுக்கை வேறு திணித்தார். என் கொலுவில் யாராவது இப்படிக் கை வைத்திருந்தால் நான் எப்படிக் குதித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். வெட்கமாகவும் இருந்தது, மனது நிறைந்தும் இருந்தது.

இறங்கியவுடன் வீட்டுக்குப் போகவில்லை. எதிரே பட்டினப்பாக்கம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னப் பையன்களைப் பிடித்துக்கொண்டு மூன்று பெண்கள் ஏறினார்கள். அதில் ஸ்டெல்லா யார், ஸ்டெல்லா இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. பஸ் நகர்ந்ததும் மூன்று பேருக்கும் கை காட்டினேன்.