இரண்டாவது டாக்டர்

பயணியர் மாளிகை வேப்பமரத்தடியில் நின்று நான் பிசைந்த எலுமிச்சம்பழத்தை என் வலது உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. அமைச்சரைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் பழத்தோடு போவது அந்நாளைய வழக்கம். மாலை வாங்க வசதியில்லாதவர்களும், மாலை போடும் அளவுக்கு நெருக்கமில்லாதவர்களும் எலுமிச்சம்பழத்தோடு நிற்பார்கள். நான் இரண்டு வகையிலும் சேர்த்தி. காலையில் வாங்கியபோது கல் மாதிரி இருந்த பழம், என் முறை வந்தபோது ரசத்துக்குத் தயாராகிவிட்டது. இன்னொரு கையில் மனு. மனுவின் அடியில் ஒன்பது டாக்டர்களின் கையெழுத்து. அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட என்னோடு இல்லை. நானோ சிங்காநல்லூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தா. உடைந்த பம்பைப் பற்றி வருத்தம் தெரிவித்து எழுதுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. மனித உடம்பைப் பற்றி அதற்கு முன் எதுவும் எழுதியதில்லை.

இந்த வேலை என் தலையில் விழுந்தது தலையில் விழுந்த அடியால்தான். தொண்ணூறுகளின் நடுவில், பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு சந்தை ஊரில் குடியிருந்தேன். சந்தை நாளில் ஓர் எருமைக்கு வழிவிடப் போய், ஸ்கூட்டரோடு சாக்கடையில் இறங்கினேன். எருமை தன் வழியில் போயிற்று. என்னை அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே டூட்டியில் இருந்தவர்தான் டாக்டரம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கைவரை மடித்த கோட்டு, கொண்டையில் செருகிய பால்பாயிண்ட் பேனா. நெற்றியில் ஆறு தையல் போட்டார்.

"வலிச்சாச் சொல்லுங்க" என்றார். இல்லீங்க என்றேன். "கண்ணுல தண்ணி ஊத்துது, இல்லீங்கறீங்க. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வலிக்கறதே இல்லீங்க. நாங்களாக் கண்டுபுடிச்சுக்கோணும்."

நான்காவது தையலில் என்ன வேலை என்று கேட்டார். கடிதம் எழுதுவது என்றேன். ஊசி ஒரு கணம் நின்றது. "அப்ப எங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்றார். நெற்றியில் ஊசி தொங்கும் நிலையில் எந்த மனிதனும் மறுக்க மாட்டான்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வேளைக்கு ஒரே ஒரு டாக்டர். விபத்து, விஷம், பாம்புக்கடி, மாட்டுக் கொம்பு, தென்னையிலிருந்து விழுந்தவர், எல்லாம் அவர் ஒருவருக்கே. ஓய்வு நாளில் அடிதடி வழக்குக்குச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கும் அவரே போக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் இதே கதை. டாக்டரம்மா கேட்டது சம்பள உயர்வு இல்லை, பதவி இல்லை. கேஷுவாலிட்டியில் எந்நேரமும் இரண்டு டாக்டர்கள் இருக்க அரசாங்கம் உத்தரவு போட வேண்டும், அவ்வளவுதான். இதற்காக அவசரப் பிரிவு டாக்டர்கள் ஒன்பது பேர் ஒரு சங்கம் மாதிரி சேர்ந்திருந்தார்கள். சங்கம் என்று ஏன் உறுதியாகச் சொல்லவில்லை என்றால், அவர்கள் ஒருமுறைகூடக் கூடியதில்லை. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் நான் கூட்டம் ஏற்பாடு செய்தேன். எல்லோரும் டூட்டியில் இருந்தார்கள். மாற்றிவிட ஆளில்லை. மாற்றிவிட ஆள் வேண்டும் என்று கேட்கத்தான் கூட்டம். சொல்லிவைத்திருந்த போண்டாக்களில் நான்கைத் தின்றுவிட்டு, தலைமையுரை, நன்றியுரை எதுவும் இல்லாமல் பஸ் ஏறினேன். பிறகு ஒவ்வோர் ஊராகப் போய், கட்டுப் போடும் கைகளுக்கு இடையில் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். அமைச்சரைப் பார்க்கும் நாளிலும் அதே கதைதான். வருவதாகச் சொன்ன ஒரே டாக்டர் கிளம்பும்போது அங்கே ஒரு வேன் கவிழ்ந்துவிட்டது. அப்படித்தான் டாக்டர்களின் தூதுக்குழு என்பது நான் ஒருவனாகச் சுருங்கிற்று.

இரண்டு டாக்டர் ஏன் வேண்டும் என்பதை டாக்டரம்மா ஒரே ஒருமுறை சொன்னார். ஒரு பிற்பகலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்திருக்கிறார்கள். ஒருத்தி பஸ்ஸில் அடிபட்ட பள்ளிக்கூடப் பெண், தொடையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. இன்னொருவர் மாட்டுவண்டி குடைசாய்ந்து வயிற்றில் அடிபட்டவர். ரத்தம் இல்லை, சத்தம் இல்லை, சுவரோரப் பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா பெண்ணைப் பார்த்தார். பெண் பிழைத்தாள். கையைக் கழுவிவிட்டுப் பெஞ்சுக்கு வந்தபோது வண்டிக்காரர் சாய்ந்திருந்தார். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து அவர் மனைவி ஒரு துண்டில் வெல்லம் கட்டிக்கொண்டு வந்தாராம். "நீங்க என்ன பண்ணுவீங்க அம்மணி, உங்களுக்கும் ரெண்டு கைதானுங்களே" என்றாராம். "திட்டியிருந்தாத் தாங்கியிருப்பனுங்க" என்றார் டாக்டரம்மா. அந்த வெல்லம் அவர் வீட்டு அலமாரியில் பிரிக்காமலேயே எறும்புக்குப் போயிற்று.

இதை மனுவில் எழுதலாம் என்றேன். கல்நெஞ்சமும் கரையும்படி எழுத முடியும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. பம்பு விஷயத்திலேயே சிலரை அழவைத்தவன். டாக்டரம்மா மறுத்துவிட்டார். "அந்தம்மா துக்கத்தை மனுவுல பின் குத்தி அனுப்பாதீங்க."

ஆகவே துக்கம் இல்லாத மனுவோடு அமைச்சர் முன் நின்றேன். இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு வீட்டுக்குக் காரியமாகப் போனால் காரியத்தைச் சொல்ல மாட்டோம். மழை, மாடு, தேங்காய் விலை, பெரியவர் உடம்பு எல்லாம் கேட்டு, காப்பி குடித்து, எழுந்து, செருப்பை மாட்டும்போது வாசலில் வைத்துத்தான் வந்த விஷயத்தைப் பட்டும் படாமலும் விடுவோம். வீட்டுக்காரருக்கும் அது தெரியும். வாசல்வரை வருவதே அதற்காகத்தான். அமைச்சர் தெற்கத்திக்காரர். நேராக மனிதனைப் பார்த்து நேராகப் பேசுபவர். என்ன விஷயம் என்றார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேனுங்க என்றேன். கையில் என்ன என்றார். ஒரு சின்ன விண்ணப்பமுங்க என்றேன். அவசரமா என்று கேட்டார். அவசரப் பிரிவு டாக்டர்கள் ஒன்பது பேரின் ஒரே பிரதிநிதியாகிய நான், வாய் கூசாமல் சொன்னேன்:

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குத் தோதுப்படறப்பப் பாத்தாப் போதுமுங்க."

அவர் பழத்தை வாங்கிக்கொண்டார். மனு உதவியாளர் கைக்குப் போயிற்று. வாசலில் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் மெதுவாகச் செருப்பு மாட்டினேன். வாசலுக்கு யாரும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, என் வாழ்த்துக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் வந்தது.

அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டரம்மா ஒரு பெரியவரின் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தார். கையெல்லாம் மாவு என்பதால் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் போயிருந்தாலும் இதையேதானுங்க சொல்லியிருப்பேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் என்று தெரியும். ஆனாலும் ஆறுதலாக இருந்தது.

சில மாதங்களில் அதே அமைச்சர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. சுவருக்கு வெள்ளை, தரைக்குப் பிளீச்சிங் பவுடர், நாய்களுக்கு வெளியூர்ப் பயணம் எல்லாம் நடந்தன. கேஷுவாலிட்டிக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து மூன்று டாக்டர்களை அன்று ஒரு நாளைக்குக் கடன் வாங்கினார் ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்த பெரிய டாக்டர். அமைச்சர் வந்து பார்த்தால் நான்கு பேர் இருப்பார்கள். இரண்டு பேர் கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

நான் ஒரு காரியம் செய்தேன். வண்டிக்காரரின் ஊருக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மா வந்து அமைச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்பதாக உத்தேசம். போய் உட்கார்ந்தேன். மோர் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினோம். மாட்டை விற்றுவிட்டதைச் சொன்னார். அரைமணி நேரம் ஆகியும் வந்த காரியம் வாயில் வரவில்லை. ஒரு விதவையிடம் போய், உன் புருஷன் செத்ததைச் சபையில் சொல் என்று எந்த வார்த்தையால் கேட்பது? எழுந்து செருப்பை மாட்டும்போது, வருகிற வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு மந்திரி வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அப்படீங்களா, பார்த்துப் போய் வாங்க சாமி என்றார். இரண்டாவது முறையாகத் தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். துவைத்த வெள்ளைச் சேலை, துண்டில் வெல்லம். நோயாளி என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார்கள். அமைச்சர் நான்கு டாக்டர்களையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா யாரையும் இடிக்காமல் ஓரமாக வந்து நின்றார்.

"ஏனுங்க, இன்னிக்கு நாலு டாக்டருங்களா இருக்கறாங்க. பாக்கவே நல்லா இருக்குதுங்க. எங்கூட்டுக்காரரு வந்தன்னிக்கு இந்த அம்மணி ஒருத்தருதானுங்க. தனியா என்ன பாடுபட்டாங்க தெரியுங்களா. எங்களுக்கு ஆனது ஆயிப்போச்சு. நாளைக்கு வாரவங்களுக்காச்சும் இவங்கள்ல ஒருத்தர உட்டுட்டுப் போனீங்கன்னா தேவலையுங்க."

குரலில் குற்றச்சாட்டு ஒரு சொட்டுக்கூட இல்லை. நேராகப் பேசும் மனிதர் என்று சொன்னேனல்லவா, அமைச்சர் நேராகப் பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர் புதுச் சுண்ணாம்பைப் பார்த்தார். நாளைக்கு இங்கே எத்தனை பேர் என்று அமைச்சர் கேட்டார். டாக்டரம்மாதான், "நான் ஒருத்திங்க" என்றார். உத்தரவு வர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. ஆனால் வந்தது, எங்கள் ஆஸ்பத்திரிக்கும், கையெழுத்துப் போட்ட மற்ற எட்டு பேருக்கும்.

நான்தான் போய்ச் சொன்னேன் என்று டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டார். மழையைப் பற்றித்தான் பேசினேனுங்க என்றேன். அடுத்த தடவை மரத்துப்போக ஊசி போடாமலே தைக்கிறேன் என்றார். அதோடு ஒன்றரை மாதம் என்னோடு பேசவில்லை.

போன ஆண்டு வாயுத்தொல்லையை மாரடைப்பு என்று நம்பி, கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவசர சிகிச்சைக்கென்றே தனிப்படிப்பு படித்த பிள்ளைகள் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண் என் நெற்றித் தழும்பைத் தொட்டு, பழைய தையல், ரொம்ப அழகாகப் போட்டிருக்கிறார்கள் அங்கிள் என்றாள். யார் போட்டது என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் வாயுவே வந்தது. டாக்டரம்மா காலமாகி ஏழு வருஷமாகிறது.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருவது, இரண்டாவது டாக்டர் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு மத்தியானம். டூட்டி நேரத்தில் ஆஸ்பத்திரியைப் புது ஆளிடம் விட்டுவிட்டு வெளியே வந்தார். பல வருஷங்களில் முதல் தடவையாம். வெல்லம் கொண்டுவந்த அம்மா ஊருக்குப் பஸ் எது என்று கேட்டார். நானும் கூடப் போனேன். வீட்டில் பாய் விரித்தார்கள். டாக்டரம்மா உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் பாத்தனுங்க, அவரு பெஞ்சுல உக்காந்திருந்ததை. பாத்துட்டுத்தான் அந்தப் புள்ளைகிட்டப் போனேன்" என்றார்.

அந்த அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"தெரியுமுங்க அம்மணி. உங்களக் கூப்புடலாம்னு நானும் எந்திரிச்சனுங்க. அவருதான் எங் கையப் புடிச்சு உக்கார வெச்சாரு. அந்தப் புள்ளைய மொதல்ல பாக்கட்டும்னாரு."

டாக்டரம்மா தண்ணீரைக் குடித்தார். பிறகு பாயில் உட்கார்ந்தார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொண்ணு இப்ப நல்லா நடக்குதுங்களா என்று கேட்டார்.