ஐஸ் பெட்டிக்கு முதல் போணி

ராஜபாளையத்தில் நான் நடத்துவது ஜெராக்ஸ் கடை. அரசு மானியத்தோடு தொழில் கடன் கேட்பவர்களுக்குத் திட்ட அறிக்கையும் எழுதித் தருவேன். நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி நானே பரப்பிய வதந்தியை நம்பி வருகிறார்கள். என் கதைகளுக்குக் கிடைக்காத கவனமான வாசகர்கள் இந்த அறிக்கைகளுக்குக் கிடைத்தார்கள், எல்லோரும் வங்கிக்காரர்கள்.

செட்டியார்பட்டி நண்பன் ஒருவன் நூற்பாலை வேலையை விட்டுவிட்டு வந்தான். சாவு வீடுகளுக்கு வாடகைக்கு விடும் ஐஸ் பெட்டி இரண்டு, நாற்காலி, பந்தல் சாமான் வாங்கி ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை போடக் கடன் வேண்டும். பேக்கரிக்கு எழுதிய பழைய அறிக்கையில் தொழிலின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். வங்கி மேலாளர் அதை எங்கள் முன்னாலேயே வாசித்தார்.

"ஒருமுறை வந்த வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வருவார்னு போட்டிருக்கீங்களே?"

நண்பன் முந்திக்கொண்டான். "அது வீட்டாளுகளச் சொல்லுதாரு, சார்."

கடன் கிடைத்தது, கடையும் திறந்தாயிற்று. மானியம் மட்டும் பாக்கி. வியாழக்கிழமை நேரில் வருவேன், தொழில் நடப்பதற்கு ஒரு பில்லாவது காட்டினால்தான் அதற்கு எழுதுவேன் என்றார் மேலாளர். மானியம் நின்றால் கடையை மூடிவிட்டு மறுபடி ஆலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

கடை திறந்து பத்து நாளாகியும் ஓர் அழைப்பு இல்லை. ஊரில் சாவு, கேதம் விழாமல் இல்லை. போணியாகாத பெட்டியில் முதல் ஆளாகத் தங்கள் ஆளைக் கிடத்த எந்த வீட்டுக்கும் மனம் வரவில்லை.

அந்த வாரம் எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. எதிரே வரும் வயசாளிகள் மூச்சு வாங்குவதைக் கவனித்தேன். பஸ்ஸில் ஒருவர் இருமினால் எந்த ஊர் என்று விசாரித்தேன். தொழில் அக்கறைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நண்பன் என் வீட்டுக்கு வந்தான். என்னைப் பார்க்க அல்ல. என் அப்பாவுக்குக் கைராசிக்காரர் என்று தெருவில் பெயர். மளிகையோ செல்போனோ, எந்தக் கடை திறந்தாலும் முதல் போணி அவர் கையால்தான். இப்போது நெஞ்சுச் சளியோடு கட்டிலில் கிடந்தார்.

"அப்பா, உங்க கையால ஒரு போணி..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

"அதுக்கென்னலே. பில் புக்கக் கொண்டாந்திருக்கியா?"

கொண்டுவந்திருந்தான். அதுதான் என்னைக் கலக்கியது.

"செவ்வாக்கெழமையும் அதுவுமா இதென்ன மாமா?" என்றாள் என் மனைவி.

"நீ சும்மா இரு, தாயி. என்னைக்கிருந்தாலும் வேணுங்கிறதுதான."

நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தார். பெயர் எழுதும் இடத்துக்குத் தன் பெயரைச் சொன்னார். பெட்டி வேண்டிய தேதி எழுதும் இடத்தில் நண்பனின் பேனா நின்றது.

"அத மட்டும் இப்ப எழுதாத" என்றார் அப்பா.

நான் தடுத்திருக்கலாம். ஆனால், 'உறுதியான முன்பதிவுகள் எதிர்பார்க்கப்படுகின்றன' என்று அறிக்கையில் எழுதியவன் நான்தான்.

வியாழக்கிழமை மேலாளர் பில்லைப் பார்த்துத் திருப்தியானார். மறுநாளே சுந்தரபாண்டியத்திலிருந்து அழைப்பு வந்தது. அதன்பின் ஓயவில்லை. அப்பாவின் கைராசியைத் தெருவே பேசியது.

ஆனால் ஒரே நாளில் இரண்டு கேதம் விழுந்தாலும் ஒரு பெட்டிதான் வெளியே போகிறது. இன்னொன்று துணி மூடிக் கடைக்குள் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"அது அப்பாவுக்கு புக் ஆயிருக்குல்லா, மாப்ள. மொதப் போணி குடுத்தவுகளுக்கு, அன்னைக்குன்னு பாத்து பெட்டி இல்லன்னு சொல்ல முடியுமா?"

ரத்து செய்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "போணியத் திருப்பி வாங்கினா அவன் கடை வெளங்குமாடா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தவணை கட்ட அவனுக்கு ஒரு பெட்டியின் வாடகை போதவில்லை. மாதம் பிறந்தால் வருகிறான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "அப்பா எப்படி இருக்காக?" என்கிறான். உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறான். நல்லா இருக்காக என்று நான் சொல்லும்போது, என் குரல் ஏனோ மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.