பூசைக்கு நடுவே அடித்த மாத்திரை அலாரம்

குறை சொல்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவள் நான். நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். டச் போன் மீன் சந்தை வரை வந்துவிட்ட காலம். ஓர் ஆஸ்பத்திரிக்காக, சுகர்காரர்களுக்கு மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் ஆப் ஒன்று செய்தோம். நேரமானால் அலாரம் அடிக்கும். சைலண்டில் போட்டாலும் அடிக்கும். ‘சாப்பிட்டேன்’ என்ற பச்சை பட்டனை அமுக்கினால்தான் வாயை மூடும். அமுக்கிய செய்தி உடனே டாக்டருக்குப் போய்விடும்.

“ஒத்த பட்டன். நம்ம ஆளுகளுக்குக் குழப்பமே வராது” என்று மேனேஜருக்கு ஒரே பெருமை.

புதுக்கடைப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தோம். மீன் விற்கும் பிலோமினா அக்கா அதில் ஒருவர். எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்க்க, ஒருநாள் அவருடன் காலைப் பூசைக்குப் போனேன். பாதிரியார் பிரசங்கத்தில் நரகத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது அக்காவின் மடியில் அலாரம். கோயிலே திரும்பிப் பார்த்தது. அக்கா குனிந்துகூடப் பார்க்காமல் பச்சையை அமுக்கினார். மாத்திரை வீட்டில் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். “அக்கா, சாப்பிட்டேன்னுல்லா அமுக்குனீங்க?”

“பின்ன என்ன செய்ய மக்கா? கோயில்ல வச்சு இது கெடந்து கூப்பாடு போடுது. பூசையில நன்மை அப்பம் வாங்குறதுக்கு முன்ன நான் வாயில ஒண்ணும் வைக்க மாட்டேன். பூசை முடிஞ்சா நேரே சந்தைக்கு ஓடணும். இதுல மாத்திரைய எங்க நினைக்க?”

தினமும் இதே கதைதானாம். டாக்டரின் திரையில் அக்கா ஒருநாளும் மாத்திரை தவறாதவர், சுகரோ இறங்கவில்லை. மருந்து போதவில்லை என்று டோஸைக் கூட்டிவிடுவார். கூட்டியதை அக்கா என்றைக்காவது நிஜமாகவே விழுங்கினால், சுகர் சடாரென்று இறங்கி, மீன் கூடையோடு சந்தையில் விழுவார்.

‘பக்’ என்று குறையைப் பதிவு செய்துவிட்டு மேனேஜரிடம் ஓடினேன். “அது யூசர் தப்பு மேடம். ஆப் சரியாத்தான் அடிக்கு. பக்கை க்ளோஸ் பண்ணுங்க” என்றார்.

க்ளோஸ் பண்ணினேன். ஆனால் மறுநாள் டாக்டருடன் மீட்டிங். அதற்காக மேனேஜரின் போனில் புது வெர்ஷன் ஏற்றித் தருவதும் என் வேலைதான். கூடவே அவர் பெயரில், மீட்டிங் நேரத்துக்கு, ஒரு மாத்திரையையும் ஏற்றிவைத்தேன்.

மீட்டிங்கில் டாக்டர் அக்காவின் விவரத்தைப் பார்த்தார். “மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுக்காங்க. ஆனா சுகர் குறையல்லியே. டோஸை ரெட்டிச்சிரலாம்” என்று பேனாவைத் திறந்தார்.

மேனேஜரின் சட்டைப்பை அலறியது. பதறி எடுத்தவர், டாக்டரைப் பார்த்து அசடு வழிந்துகொண்டே பச்சையை அமுக்கினார். டாக்டரின் திரையில் அவர் பெயர் வந்து விழுந்தது.

“சார், இப்ப என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” என்று பவ்யமாகக் கேட்டேன்.

மேனேஜர் போனைச் சட்டைப்பைக்குள் திணித்தார். டாக்டர் பேனாவை மூடினார். “அந்த அம்மாவை வரச் சொல்லுங்க. நானே கேக்கேன்.”

டோஸ் கூடவில்லை. அக்காவின் மாத்திரை நேரம், பூசை முடிந்து கஞ்சி குடிக்கும் நேரத்துக்கு மாறியது. அடுத்த வெர்ஷனில் சத்தத்தை நிறுத்த ஒரு பட்டன், சாப்பிட்டதற்கு ஒன்று, சாப்பிடவில்லை என்பதற்கு ஒன்று.

ஆப் செய்ய வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ‘இல்லை’ என்று சொல்ல இடம் வைக்காமல் யாரிடமும் கேள்வி கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், ஒரு பொய்யும் சொல்லத் தெரியாதவர்கள்கூட பச்சையைத்தான் அமுக்குவார்கள்.