ஒரு சிட்டிகை லித்தியம்

போன மாதம் குழாய்க்காரர் இறந்தபோது ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவருடைய கைநேர்த்தியைத்தான் பேசினார்கள். அது உண்மைதான். ஆனால் அவருடைய பொறாமையைச் சொல்லாமல் விட்டால் பாதி ஆளைத்தான் வழியனுப்பியதாக ஆகும்.

லித்தியத்தையும் போரானையும் எடைபோட்டு, விரலளவு உலோகக் குழாயில் அடைத்து, வாயை வெல்டு வைத்து மூடுவது அவர் வேலை. காற்றுப் பட்டால் லித்தியம் கறுத்துவிடும். அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியாகக் கையை விட்டுத்தான் எல்லாம் செய்யவேண்டும். பதினான்கு வருடம் செய்தார்.

நான்கு வருடத்துக்கு முன் அதே கூடத்தின் மாடியில் அவருடைய சகலை வந்து உட்கார்ந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர்; பெரிய படிப்பு. கணினியிலேயே கணக்குப் போட்டு அவர் ஒன்று சொன்னார்: லித்தியம் தன் வெளிச்சுற்றில் உள்ள ஒற்றை எலக்ட்ரானைப் போரானுக்குக் கொடுத்துவிடுகிறது, வாங்கிக்கொண்ட போரான் அணுக்கள் கரி அணுக்களைப் போல நடந்து, கைகோத்து நேர்வரிசையில் நிற்கின்றன, அந்த வரிசை வழியே மின்சாரம் ஓடும். ஒரு லித்தியத்துக்கு ஒரு போரான்.

குழாய்க்காரரின் குழாய்கள் அதற்குச் சாட்சி சொல்லின. எக்ஸ்ரே படத்தில் அணு வரிசையைக் காட்டும் கோடுகள் பளிச்சென்று விழுந்தன. வெளியான அறிக்கையில் பெயர் மட்டும் மாடிக்குப் போனது.

மாமியார் வீட்டில் அந்த வாரமே ஆரம்பித்துவிட்டது.

"சின்ன மாப்பிள்ளை அணு எப்படி நிக்குதுன்னே கண்டுபிடிச்சிட்டாராமே!" என்று பூரித்த மாமியார், அதே மூச்சில் திரும்பினார். "பெரிய மாப்பிள்ளை, அடுப்படிக் குழாய் சொட்டுது. கொஞ்சம் பாருங்களேன். உங்களுக்குத்தான் குழாய் கைவந்த வேலையாச்சே."

"அத்தை, சகலை பண்றது வேற குழாய்" என்றார் சின்னவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பெரியவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே வைத்திருந்தார். வெல்டு வைக்கும் சூட்டில் லித்தியம் கொஞ்சம் ஆவியாகிப் போகும் என்று முன்பே எண்ணி, எடைக்குமேல் பத்தில் ஒரு பங்கு கூடப் போடுவது அவர் வழக்கம். நோட்டில் மட்டும், கூடத்தின் தலைவர் கையெழுத்திட்ட சரிசமக் கணக்கையே எழுதுவார். ஆரம்பத்தில் அது சோம்பல். சகலை வந்தபிறகு அது ரகசியச் சொத்து.

போன வருடம் அவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. பத்து நாள் விடுப்பு. சகலை பொறுக்காமல் தானே கையுறை மாட்டி, நோட்டில் உள்ளபடி மூன்று குழாய் அடைத்தார். மூன்றிலும் கோடுகள் கலங்கிக் கிடந்தன. மின்சாரமும் ஒழுங்காக ஓடவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று தலைவரின் அறையில் இருவரையும் உட்காரவைத்தார்கள். சகலையின் முகம் வெளிறியிருந்தது. குழாய்க்காரருக்குத் தையல் போட்ட இடம்கூட வலிக்கவில்லை, அவ்வளவு நிம்மதி. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் சகலை தன் அறிக்கையைத் திரும்பப் பெறவேண்டும்.

"மூணுமுறை தப்பாயிருக்கு" என்றார் தலைவர். "கணக்கு நிக்கல. முன்னாடி வந்ததெல்லாம் ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சது. பழைய குழாயெல்லாம் ஒதுக்கிடலாம்."

"எது குருட்டாம்போக்கு?" குழாய்க்காரர் எழுந்தே விட்டார்.

"நான் உங்களைச் சொல்லல..."

"என் குழாயைச் சொன்னா என்னைச் சொன்ன மாதிரிதான். நாப்பத்தியொரு குழாய். ஒண்ணுகூடத் தானா அமையல. ஒவ்வொண்ணுலயும் லித்தியம் பத்துக்கு ஒண்ணு கூடப் போட்டேன்!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.

"அப்ப நோட்டுல இருக்கறது?" என்றார் தலைவர்.

"பொய்."

சகலை கோபப்படுவார் என்று பார்த்தார். அவரோ காகிதத்தை இழுத்து ஏதோ கிறுக்க ஆரம்பித்தார். "ஆவியாப் போனது அவ்வளவு இருக்காது சகலை. அடைச்ச குழாய்க்குள்ள இருந்து எங்க போகும்? போரான் வரிசை லித்தியத்தோட அடிக்கு அடி ஒத்துப் போகல. ஒன்பது போரான் நிக்கிற நீளத்துல பத்து லித்தியம் நிக்குது. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு போட்டது என் தப்பு." தலை நிமிர்ந்தார். "மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"நிஜமா?"

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் குழாய்க்காரர். "அத்தை வீட்டுல உங்களுக்கு நாற்காலி, எனக்கு ஸ்பானர். தெரியும்ல?"

பொய்க்கணக்கு எழுதியதற்குத் தலைவர் எச்சரிக்கைக் கடிதம் தந்தார். கூடவே நாற்பத்தொரு குழாயின் உண்மை எடையையும் திருத்தி எழுதித் தரச் சொன்னார். அடுத்த நான்கு நாளும் சகலைகள் இருவரும் கண்ணாடிப் பெட்டி முன்னே ஒட்டி உட்கார்ந்தார்கள். பெரியவர் ஒவ்வொரு குழாயாக நினைவிலிருந்து எடையைச் சொல்ல, சின்னவர் எழுதினார். புதிய அறிக்கையில் இருவர் பெயரும் வரும் என்று சின்னவர் சொன்னார். பெரியவர் தலையாட்டினார், ஆனால் கண் சின்னவர் எழுதிய நோட்டிலேயே இருந்தது.

பாவி, கையெழுத்துகூட அச்சடித்தது போல இருந்தது.